கை இறங்காத அதிகாரிகள்

என் கணவர் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார். கறுப்பு வெள்ளை, ஆங்கிலம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே நாஜிகளைக் கேலி செய்து எடுத்த படம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், முன்பெல்லாம் கேசட் போட்டு டிவி முன்னால், பிற்காலத்தில் கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

அவர் அதிகம் சிரிக்கிற மனிதர் இல்லை. ஆலங்குடி தாலுகா ஆபீஸில் நில அளவையர். தென்னந்தோப்புக்கும் முந்திரிக்காட்டுக்கும் நடுவில் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று இரண்டு பங்காளிகள் சண்டை போட, நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். அந்தப் படத்துக்கு மட்டும் தோள் குலுங்கச் சிரிப்பார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிப்பார்.

"அப்புடி என்னதான் இருக்கு அதுல?" என்று வாசலில் நின்று கேட்பேன்.

"வந்து உக்காந்து பாரேன்."

"வேலை கெடக்கு."

இருபத்தாறு வருஷம் இதே பேச்சுத்தான். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எனக்குத் தெரிந்தது இலக்கண ஆங்கிலம். படத்தில் அவர்கள் வேகமாகப் பேசுவது காதில் நிற்காது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வேலையைச் சாக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஐம்பத்தாறாவது வயதில், ஒரு நில அளவைக்குப் போன இடத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு அவர் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை. காரியமெல்லாம் முடிந்து அவளும் போன பிறகு, கோடை விடுமுறையில் ஒரு மதியம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் போட்டேன்.

ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. படத்துக்கு அடியில் ஆங்கில வசன எழுத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தேன். கதை இதுதான். நாஜிகள் பிடித்துவிட்ட ஒரு சின்ன ஊரில் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கடையில் அடுக்கியிருக்கும் துணிக்கட்டுகளுக்குப் பின்னால், நாஜிகள் தேடுகிற ஏழு பேரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதே கடைக்கு நாஜி அதிகாரிகள் சீருடை தைக்க வருகிறார்கள். அவர்களுக்கு எதற்கெடுத்தாலும் கையை நீட்டி வணக்கம் வைத்தாக வேண்டும். தையற்காரர் அக்குள் பக்கம் துணியை ஒரு விரல் அளவு குறைத்துத் தைத்துவிடுகிறார். உயர்த்திய கை இறங்காது.

முதலில் பெரிய அதிகாரியின் கை மாட்டிக்கொள்கிறது. அவர் கையை இறக்காததால் அவருக்குக் கீழே இருப்பவர்களும் இறக்க முடியாது. இறக்கினால் மரியாதைக் குறைவு. ஆபீஸ் முழுக்க வலக்கையைத் தூக்கிக்கொண்டு இடக்கையால் முத்திரை குத்துகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், போன் பேசுகிறார்கள். ஒருவர் தும்முகிறார், மூக்கைத் துடைக்கக் கை இல்லை. யாருமே "ஏன் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறோம்?" என்று கேட்பதில்லை.

இரண்டாவது முறை பார்த்தபோது அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. நான் சிரித்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அன்றுதான் முடிவு செய்தேன். இந்தப் படத்துக்குத் தமிழில் வசன வரிகள் போடுவது. அவருடைய முதல் வருஷத் திதிக்கு வருகிறவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவது. அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

எனக்குத் தமிழில் தட்டச்சு வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். பள்ளிக் கேள்வித்தாள்களை அவரிடம்தான் அடிக்கக் கொடுப்போம். நாற்பதைத் தாண்டிய வயது. சிறுமியாக இருக்கும்போதே இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நம் மாவட்டத்தில் இருக்கிற அகதிகள் முகாம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவார். அவசரத்திலும் ஆழ்ந்து பேசும்போதும் அவருடைய ஊர்ப் பேச்சு திரும்பி வந்துவிடும்.

"சினிமாவுக்கா, டீச்சர்?" என்றார். "அப்ளிகேசன் அடிச்சிருக்கேன், பத்திரிகை அடிச்சிருக்கேன். சினிமா இதுதான் முதத் தடவ."

பள்ளி விட்டதும் நாலேகாலுக்கு அவர் கடைக்குப் போவேன். நான் நோட்டில் எழுதி வைத்ததைச் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் வந்து எந்த நொடியில் போக வேண்டும் என்று இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துப் பொருத்துவோம். அவர் போகும் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அதற்குள் பதினைந்து இருபது வரிகள்தான் முடியும். ஒரு நகைச்சுவை தமிழில் வர மூன்று நாள் ஆகியிருக்கிறது. அதிகாரிகள் ஒருவரையொருவர் அழைக்கிற நீளமான பட்டங்களை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடினேன். அவர்தான், "நம்ம ஆபீசுகள்ல மனுவுக்கு மேல எழுதுவமே, 'மாண்புமிகு, உயர்திரு, சமூகம்' எண்டு, எல்லாத்தையும் ஒண்டாப் போடுங்க டீச்சர்" என்றார். போட்டோம். சரியாக உட்கார்ந்தது.

ஆனால் இந்த வேலை நடந்த இரண்டு மாதமும் அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. கை இறங்காத காட்சியை நாங்கள் குறைந்தது முப்பது முறை ஓட்டியிருப்போம். நான் அடக்க முடியாமல் சிரிப்பேன். அவர் திரையைப் பார்த்தபடி, "நொடி தப்பிட்டுது, டீச்சர், பின்னால இழுங்க" என்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒங்களுக்குச் சிரிப்பு வரலையாங்க?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கட அப்பா நல்லா நடிப்பார்" என்றார். "சோதனைச் சாவடியில ஆமிக்காரர் அரைகுறைத் தமிழில எங்களை விசாரிப்பினம். செல் குண்டு விழேக்க நாங்க மண்ணுக்குள்ள வெட்டின பங்கருக்குள்ள இருப்பம். அப்பா அந்த ஆமிக்காரனைப் போலக் கதைச்சுக் காட்டுவார். 'எங்க போறது? ஏன் போறது? போகாதது ஏன்?' எண்டு. நாங்க சத்தம் வெளியில போகாம வாயில துணியை அடைஞ்சுகொண்டு சிரிப்பம். அம்மா ஏசுவா. பிறகு அம்மாவும் சிரிப்பா. எங்கட அப்பாவுக்குப் பயமே இல்லையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், டீச்சர். படகில ஏறேக்கதான் பாத்தன். அவர்ர கை ரெண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. கரைக்கு வந்த பிறகும் நிக்கேல்ல. சாகும்வரைக்கும் நிக்கேல்ல."

நான் நோட்டை மூடினேன்.

"இந்தப் படத்தை எடுத்தாக்களுக்கு அப்ப யார் வெல்லுவினமெண்டு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. எடுக்கும்போது சண்டை நடந்துக்கிட்டிருந்துச்சு. நாஜிகதான் ஜெயிச்சுக்கிட்டிருந்தாங்க."

"அப்ப படம் எடுத்தாக்களுக்கும் கை நடுங்கியிருக்கும்" என்றார். மறுபடியும் விசைப்பலகைக்குத் திரும்பினார். "சொல்லுங்க, அடுத்த வரி."

அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். தையற்காரராக நடித்தவர் ஊசியில் நூல் கோக்கிற காட்சி ஒன்று உண்டு. அதிகாரி எதிரில் நிற்கிறார். துணிக்கட்டுக்குப் பின்னால் யாரோ இருமிவிடுகிறார்கள். தையற்காரர் உடனே தானே இருமுகிறார். இருமி இருமி ஊசியில் நூல் கோக்க முயல்கிறார். நூல் போகவே மாட்டேன் என்கிறது. அதுவரை அதை வெறும் வேடிக்கை என்று நினைத்திருந்தேன். கையை உற்றுப் பார்த்தால் அதில் இருப்பது வேடிக்கை மட்டும் இல்லை. அந்த நடிகர் நடுக்கத்தை மறைத்துக்கொண்டு சிரிக்க வைக்கிறார். மறைப்பதும் நமக்குத் தெரியும்படி மறைக்கிறார். சிரித்து முடித்த பிறகுதான் அந்தப் பயம் நமக்குள் வருகிறது. எத்தனை பெரிய நடிப்பு அது என்று எனக்குக் காட்டியது ஒரு ஜெராக்ஸ் கடை.

படத்தின் பிற்பகுதியில் ஒரு வரி எங்களை நிறுத்தியது. தையற்காரரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரிக்கிறார்கள். பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே சொல்கிறார்: எங்கள் முகாமுக்குப் போன யாரும் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை, சொல்வதற்கு ஒருவரும் திரும்பி வந்ததில்லை. சுற்றி நிற்கிறவர்கள் கையைத் தூக்கியபடியே சிரிக்கிறார்கள்.

நான் நோட்டைப் படித்தேன். அவர் அடிக்காமல் இருந்தார்.

"முகாம் எண்டு அடிக்கவா, டீச்சர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வதைமுகாம்னு போட்டுருவோமுங்க. புத்தகத்துல எல்லாம் அப்புடித்தான் எழுதுறாங்க" என்று அவசரமாகச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவன் அப்பிடிச் சொல்ல மாட்டானே, டீச்சர். செய்யிறவன் வதை எண்டு சொல்லுவானா? முகாம் எண்டுதான் சொல்லுவான்."

"ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா அந்த வரியவே விட்டுரலாம்."

"எங்கட முகாம் வேற. இங்க எங்களை ஒருத்தரும் கொல்லேல்ல. சோறு தந்தினம், படிப்பு தந்தினம். ஆனா என்ர விலாசத்தில அந்தச் சொல்லை முப்பது வருசத்துக்கு மேலா எழுதிக்கொண்டிருக்கிறன். அது இன்னும் பழகேல்ல. விடாதீங்க. அப்பிடியே இருக்கட்டும்."

மு, கா, ம் என்று அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் போய் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகாம்களில் நடந்த உண்மை முழுவதும் அன்றைக்குப் படம் எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சிரிப்பு வைத்திருப்பார்களோ என்னவோ. அதற்குப் பதில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வரியை விட்டுவிடாமல் இருந்தது சரி என்று மட்டும் தெரியும்.

திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. என் கணவருக்கு ஒரே அக்கா. மீமிசலில் வாக்கப்பட்டவர். வீட்டுக்காரருக்கு மீன் ஏலக்கூடத்தில் வியாபாரம். என் மகள் மூலமாக விஷயம் அவருக்குப் போயிருக்கிறது.

"ஏம்மா, தெவசத்தன்னிக்குச் சினிமாப் போடப் போறியாமே?"

"தெவசம் சனிக்கெழம முடிஞ்சுரும், அண்ணி. மறுநாள் மதியந்தான் போடுறேன். அவர் ரொம்பப் பார்த்த படம்."

"சிரிப்புப் படமாமுல்ல? செத்த வீட்டுல சனம் கூடி ஒக்காந்து சிரிக்கிறதா? ஊரு என்ன பேசும்? ஒனக்குப் படிப்பு இருக்கு, நாலு பேரு ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டாக. என் தம்பியத்தான் கேவலமாப் பேசுவாக."

"இல்ல, அண்ணி..."

"நான் தெவசத்துக்கு வாரேன். அதுக்கு மேல என்னய எதுலயும் சேக்காத."

போனை வைத்துவிட்டார். எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. நான் செய்வது அவருக்காகவா எனக்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு சிரிப்பைத் தவறவிட்டதற்கு ஊரைக் கூட்டிப் பரிகாரம் தேடுகிறேனோ என்று தோன்றியது. நிறுத்திவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். "நிறுத்தாதம்மா. அப்பா சிரிக்கிறத நான் வேற எங்கயும் பார்த்ததில்ல" என்றாள்.

தாலுகா ஆபீஸில் அவருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் தேங்காய்க் கொப்பரை மண்டியின் மாடி ஹாலைத் தந்தார். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் புரொஜெக்டர் வாங்கினோம். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினோம். ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு நாற்பது பேர் இருப்பார்கள். தாலுகா ஆபீஸ்காரர்கள், என் பள்ளி ஆசிரியர்கள், தெருக்காரர்கள், உறவுக்காரர்கள். ஜெராக்ஸ் கடைக்காரப் பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நாத்தனார் ஊருக்குப் போகாமல் இருந்தார். அவருடைய பஸ் நாலு மணிக்கு என்றார். கடைசி வரிசையில், சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு, பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முதல் கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போலவே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெரிய அதிகாரியின் கை மாட்டிக்கொண்டது. முன்வரிசையில் தாலுகா ஆபீஸ் உதவியாளர் ஒருவர் 'க்ளுக்' என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். திரையில் ஆபீஸே கையைத் தூக்கியதும், அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. 'மாண்புமிகு உயர்திரு சமூகம்' என்று தமிழ் எழுத்து விழுந்தபோது தாலுகா ஆபீஸ்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பின்னால் இன்னொரு சிரிப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நாத்தனார். வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே குலுக்கல்.

அந்த முகாம் வரி வந்தது. திரையில் அதிகாரிகள் சிரித்தார்கள். ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்ணின் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சியில் ஊர்வல மைதானத்தில் அத்தனை பேரும் கையைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்க, தையற்காரரும் மனைவியும் அந்த ஏழு பேரும் அவர்களுக்கு முன்னாலேயே நடந்து மலைப்பாதையில் ஏறிப் போகிறார்கள். விளக்கைப் போட்டோம். யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மணி நாலேகால் ஆகியிருந்தது. நாத்தனார் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பெரிய ஆபீசர் நடக்குறான் பாரு" என்றார். "அப்புடியே எங்கப்பன்."

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். பட்டாளத்தில் இருந்தவர். மாலை போட்ட படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. என் கணவர் அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பட்டாளத்துலேருந்து வந்ததும் எங்கள வெடியக்காலம் எழுப்பி வாசல்ல நிக்க வைப்பாரு. கைய அசைக்கக் கூடாது. அசைச்சா பெல்ட்டு. எங்காத்தாவும் அடி வாங்குச்சு. அவரு அங்கிட்டுப் போனதும் இவன் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால நின்டு அவரு மாதிரியே நடந்து காட்டுவான். மீசைக்கு வைக்கோல வச்சுக்குவான். எனக்குன்னா சிரிப்ப அடக்க முடியாது. ஒருநா அவரு பாத்துட்டாரு. சிரிச்சது நான். அடி முழுசும் அவன் வாங்குனான். ஒரு வாரம் பள்ளிக்கொடம் போகல. எட்டு வயசு அப்ப அவனுக்கு. மறுவாரம் திரும்பவும் நடந்து காட்டுனான்."

சொல்லிவிட்டு அழுதார். திதியன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. கோபம். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா என்று அவரைக் கேட்க வேண்டும் போல இருந்தது. பிறகு நினைவு வந்தது. "வந்து உக்காந்து பாரேன்" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிட்டவர் அவர்தான். போகாதவள் நான். படம் முடிந்த பிறகு ஒருவேளை சொல்லியிருப்பாரோ, சொல்லாமலே இருந்திருப்பாரோ. அதை இனித் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அன்று நாத்தனாரின் பஸ் போய்விட்டது. என்னுடன் இரண்டு நாள் தங்கினார். நான் பள்ளிக்கு லீவு போட்டேன். அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாத ஒரு பையனை நான் தெரிந்துகொண்டேன். ஜெராக்ஸ் கடைக்காரப் பெண் பென் டிரைவில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். முகாமில் போடலாமா என்று பெரியவர்களிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். இன்னும் போடவில்லை. நானும் கேட்டு நெருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நாத்தனாரை ஏற்றிவிடப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அறந்தாங்கி போய் அங்கிருந்து மாற வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீ எத்தன வருசம் அவன் சிரிச்சதக் கேட்ருப்ப?" என்று திடீரென்று கேட்டார்.

"இருபத்தாறு வருசம், அண்ணி."

"நான் பத்து வருசந்தான். பெறகு என்னயக் கட்டிக் குடுத்துட்டாக."

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "ஆடிக்கு நீ அங்கிட்டு வா. கடல்கரயில ஒக்காந்து பேசுவோம்" என்றார். வருகிறேன் என்றேன். பஸ் கிளம்பியதும் நேரே பள்ளிக்கு நடந்தேன். முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பு.